கர்னலை மேலே ஏறச் சொல்லும் சிப்பாய்

பட்டாளத்தில் ஒரு சிப்பாய் கர்னலைப் பார்த்து "போதும், திரும்புங்கள்" என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் மறுநாள் என்ன நடக்கும் என்பது சீருடை போட்ட யாருக்கும் தெரியும். ஆனால் கடலுக்கடியில், 15 மீட்டர் ஆழத்தில், அதே சிப்பாய் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கர்னல் மறுபேச்சில்லாமல் அவனோடு மேலே ஏறியாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கவும் முடியாது, வாயில் மூச்சுவிடுவதற்கான ரெகுலேட்டர் இருக்கிறது. படகுக்குத் திரும்பிய பிறகும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. காது வலித்ததா, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததா, காரணமே இல்லாமல் வயிற்றைப் பிசைந்ததா, எதுவாகவும் இருக்கட்டும். ஜோடியாக இறங்கிய இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அந்த முக்குளிப்பு அத்தோடு முடிந்தது. உலகமெங்கும் ஸ்கூபா செய்கிறவர்கள் ஏற்றுக்கொண்ட விதி இது.

கீழ்ப்படிதலையே அஸ்திவாரமாகக் கொண்ட ஓர் அமைப்பு இந்த விதியை அரசுச் செலவில், பணி நேரத்தில், சம்பளமும் கொடுத்துத் தன் ஆட்களுக்குக் கற்றுத்தருகிறது. பிரிட்டிஷ் முப்படைகளின் சாகசப் பயிற்சித் திட்டத்தில் மலையேற்றம், குகைக்குள் இறங்குவது, பாய்மரப் படகு, கயாக், பனிச்சறுக்கு, பாராகிளைடிங் ஆகியவற்றோடு ஸ்கூபாவும் உண்டு. சமையற்கூடத்தில் வேலை பார்க்கிற வீரரும் சேரலாம், டாங்கி ஓட்டுகிறவரும் சேரலாம், ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவரும் சேரலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கண்ணிவெடியை அகற்றவும், பாலத்தின் அடித்தூணைச் சோதிக்கவும், எதிரியின் கப்பலடியில் குண்டு ஒட்டவும் பயிற்சி பெறுகிற ராணுவ முக்குளிப்பாளர்கள் தனி இனம். அவர்களுக்குக் கடலடி என்பது வேலை செய்யும் இடம். சாகசப் பயிற்சிக்கு வருகிறவர் கையில் ஆயுதம் கிடையாது, முடித்தாக வேண்டிய பணி எதுவும் கிடையாது. உல்லாசப் பயணி வாங்குகிற அதே உபகரணம், ஏறக்குறைய அதே பாடத்திட்டம். அப்படியானால் ராணுவத்துக்கு இதனால் என்ன லாபம்? இது வரி கட்டுகிறவர் காசில் ஒரு ஜாலி டிரிப்தானே?

படைத்துறை இதற்குத் தருகிற விளக்கம் சுருக்கமானது. கட்டுக்குள் வைத்த ஆபத்தில் ஆளை நிறுத்தினால் மனஉறுதியும் தலைமைப் பண்பும் கூட்டாளியை நம்பும் குணமும் வளரும். ஏட்டில் படிக்கச் சப்பென்று இருக்கும் விளக்கம். ஆனால் இந்தச் சிந்தனை முளைத்த இடம் சப்பென்று இல்லை.

அட்லாண்டிக்கில் செத்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. தப்பித்தவர்கள் உயிர்காப்புப் படகில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் மிதந்தார்கள். 'ப்ளூ ஃபனல்' கப்பல் நிறுவனத்தை நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. உடற்கட்டுள்ள இளைஞர்கள் அந்தப் படகுகளில் முதலில் செத்தார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் தொழில் கற்ற நடுத்தர வயதுக்காரர்கள் பிழைத்தார்கள். உடம்பில் குறை இல்லை, கடலோடு பழக்கமும் தன்மீதே நம்பிக்கையும்தான் குறை என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அவரோடு கைகோத்தவர் கர்ட் ஹான். ஜெர்மனியில் பிறந்த யூதர், பள்ளி ஆசிரியர். 1933-ல் நாஜிகளால் கைதாகி, விடுதலையான பின் பிரிட்டனுக்கு வந்து ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியை நிறுவியவர். இருவரும் 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் இளம் மாலுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் 'அவுட்வர்ட் பவுண்ட்'. படகு விடு, மலை ஏறு, நனை, பசியோடு நட, அடுத்தவனுக்குப் பொறுப்பெடு. உடம்பை வளர்ப்பது அங்கே நோக்கமல்ல. உடம்பு கைவிடும் நேரத்தில் தலை கைவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைய ராணுவ சாகசப் பயிற்சியின் அடிப்படை நியாயம் இதே வரிசையில் வருகிறது. அதன் பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட ஸ்கூபாதான் இந்த நியாயத்துக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு. காரணம் இருக்கிறது. மலையில் வீரனுக்குப் பழகிய குணங்கள் உதவும். பல்லைக் கடி, வேகமாக ஏறு, வலியைப் பொறு. தண்ணீருக்கடியில் இந்த மூன்றுமே ஆளைக் கொல்லும். பல்லைக் கடித்து மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். வேகமாக உதைத்தால் காற்று பாதி நேரத்தில் தீரும். காதுவலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை ஓட்டையாகும். வீராப்பை முதல் நாளே கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வர வேண்டிய ஒரே விளையாட்டு இது.

பிளைமவுத்தில் ஒரு வாரம்

முப்படைகளுக்கும் பொதுவான ஸ்கூபா மையம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பிளைமவுத்தில் இருக்கிறது. பாடத்திட்டம் 1953-ல் ஆஸ்கர் கூகனும் பீட்டர் ஸ்மாலும் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புடையது. முதல் படி 'ஓஷன் டைவர்' தகுதி. அதை முடித்தவர் தகுதியுள்ள துணையோடு 20 மீட்டர் வரை இறங்கலாம்.

வருகிறவர்களில் கடலோரத்தில் வளர்ந்தவர்களும் உண்டு, கடலையே பார்க்காமல் வளர்ந்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் படையின் கூர்க்கா வீரர்கள் நேபாள மலைகளிலிருந்து வருகிறவர்கள். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. ஃபிஜித் தீவுகளிலிருந்து சேர்ந்தவர்களும் இதே படையில் கணிசமாக உண்டு. இரண்டு பேரையும் ஒரே நீச்சல்குளத்தின் விளிம்பில் உட்காரவைத்தால் யாருக்கு உதறல் எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லிக்கொடுப்பவர் ஒரு லான்ஸ் கார்ப்பரலாக இருக்கலாம், கற்பவர் மேஜராக இருக்கலாம். தகுதிச் சான்று யாரிடம் இருக்கிறதோ அவர் பேச்சுதான் செல்லும்.

குளத்தில் முதலில் கற்றுக்கொள்வது மூச்சுவிடுவதை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை நிறுத்துவது பிறவியிலேயே வந்த பழக்கம். அதை மீறி வாய்வழியாக, நிதானமாக, இடைவிடாமல் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து மாஸ்க்கைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். பிறகு மாஸ்க்கையே கழற்றி, கண் தெரியாமல் மூச்சுவிட்டு, திரும்ப மாட்ட வேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் கைபோட்டுத் தேடிப் பிடித்துத் திரும்ப வாயில் வைக்க வேண்டும். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்ததாகப் பாவித்துத் தன் மாற்றுக் குழாயை அவருக்குக் கொடுத்து, இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மேலே வர வேண்டும்.

இதில் ஆட்கள் திணறுவது பெரும்பாலும் மாஸ்க்கில். துப்பாக்கிச் சண்டையில் நின்றவர்கூட மூக்கில் கால் ஆழாக்குத் தண்ணீர் ஏறினால் எகிறிக் குதித்து மேலே வருவார். பயிற்றுநர் அதட்டமாட்டார். "மெதுவாக, இன்னொரு தடவை" என்பார். பரேடு மைதானத்து சார்ஜென்ட் குரல் இங்கே உதவாது. அதட்டினால் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் பயம் கூடும். பயத்தைக் குறைக்க ஒரே வழி மூச்சை மெதுவாக்குவதுதான் என்பதை அந்த வீரர் தன் உடம்பிலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

பிறகு கணக்கு வருகிறது. தப்பிக்க முடியாத கணக்கு. கடல்மட்டத்தில் நம்மீது ஒரு பார் அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு, இருபது மீட்டரில் மூன்று. வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 232 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் மொத்தம் 2,784 லிட்டர். நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால் கரையில் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் சுவாசிக்கலாம். இருபது மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மூன்று மடங்கு அடர்த்தி, ஆகவே நிமிடத்துக்கு 75 லிட்டர். அவசரத்துக்கு 50 பார் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 29 நிமிடம். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் அதிலும் பாதி. வீரர் இறங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டாக வேண்டும். இதைப் போடத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நுரையீரல் கிழிவதும் இதே கணக்குதான். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று கடல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அந்த இடத்துக்கு நுரையீரல் எங்கே போகும்? ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதியை நாமெல்லாம் பத்தாம் வகுப்போடு மறந்துவிட்டோம். ஸ்கூபாக்காரர் மறக்க முடியாது.

பயிற்சிக் குளத்தை விட்டுக் கடலுக்குப் போகும்போது குளிர் வந்து சேர்கிறது. பிளைமவுத் கடல் குளிர்கால முடிவில் 9 டிகிரி, கோடைக் கடைசியில் 17 டிகிரி அளவில் இருக்கும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகவே உள்ளே தண்ணீரே புகாத முழு உடை. கண்ணுக்கு எல்லாம் கால்பங்கு கிட்டத்திலும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தெரியும். சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும். சத்தம் நான்கு மடங்குக்கு மேல் வேகத்தில் வருவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சொல்லாது. பச்சையும் சாம்பலுமான அந்த மங்கலில், கலங்கிய நாள்களில் கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் கூட்டாளியைத் தேட வேண்டியிருக்கும். மாலத்தீவுக் காலண்டர் படத்தை நினைத்து வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அங்கே கற்பிக்கிறவர்கள் சொல்வதில் பொருளிருக்கிறது.

ஆட்டின் முழங்கால், அப்பாவும் மகனும்

மேலே வரும்போது மெதுவாக வர வேண்டும் என்ற விதியின் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதன் கடைசி அத்தியாயம் இந்தியாவில் முடிகிறது.

கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் குபுகுபுவென்று குமிழி கிளம்புகிறதே, அதுதான் விஷயம். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாக வெளியேறி மூட்டிலும் தண்டுவடத்திலும் அடைத்துக்கொள்ளும். கூன் விழும், கால் விழும், உயிரும் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் முக்குளிப்பாளர்களை எவ்வளவு ஆழம் அனுப்பலாம் என்று தெரியாமல் தவித்தபோது ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரைக் கூப்பிட்டது. அவர் லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் 85 ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டு, வேகமாகவும் மெதுவாகவும் அழுத்தத்தைக் குறைத்து, எந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது என்று பார்த்தார். 1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் கடற்படை அதிகாரிகள் டேமன்டும் கேட்டோவும் அவர் சொன்ன முறைப்படி 210 அடி வரை இறங்கி நலமாகத் திரும்பினார்கள். 1908-ல் அட்டவணை வெளியானது. இன்று மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் கணக்கும் ஹால்டேன் போட்ட பாதையிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்த 1906 சோதனையின்போது ஹால்டேனின் 13 வயது மகனும் உடனிருந்தான். அப்பா அவனுக்கும் முக்குளிப்பு உடையை மாட்டிக் கடலில் இறக்கினார். உடை பெரியவர்களுக்கானது, மணிக்கட்டில் தண்ணீர் கசிந்து உள்ளே ஏறியது. பையன் பதறாமல் காற்றைச் சரிசெய்துகொண்டு திரும்பிவந்தான். அவன்தான் பிற்காலத்தில் மரபியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேன். 1939 ஜூனில் 'தீட்டிஸ்' நீர்மூழ்கி லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கி 99 பேர் இறந்தபோது, தப்பிக்க முயன்றவர்களின் உடலில் என்ன நடந்தது என்று கண்டறிய அவர் தன்னையே அழுத்த அறைக்குள் அடைத்துக்கொண்டார். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் வலிப்பை வரவழைத்து முதுகெலும்பை நொறுக்கியது. 1957-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். பிளைமவுத் வகுப்பறையில் ஒரு சிப்பாய் கரும்பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற அட்டவணைக்குப் பின்னால் இந்தக் குடும்பம் இருக்கிறது.

சண்டைக் காலத்தில் பிறந்தது

ஸ்கூபாவே போர்க்காலப் பிள்ளை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் 1943-ல் செய்த 'அக்வாலங்' கருவியின் வால்வு, பெட்ரோல் பஞ்சத்தில் காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் வடிவமைத்ததிலிருந்து வந்தது. அதே போரில் ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் இத்தாலிய முக்குளிப்பாளர்கள் குண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அகற்றப் போனவர்களில் ஒருவர் லயனல் க்ராப். நீச்சலில் அவ்வளவாகத் தேறாத மனிதர் என்பது வேடிக்கை. 1956-ல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் சோவியத் போர்க்கப்பலுக்கு அடியில் உளவு பார்க்கப் போய்த் திரும்பவேயில்லை.

போர் முடிந்தபின் அந்தத் தொழில்நுட்பம் பொதுமக்கள் கைக்கு வந்தது. பொதுமக்கள் தொடங்கிய கிளப்பின் பாடத்திட்டத்தையே இப்போது படைகள் பின்பற்றுகின்றன. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டாம் ஹென்றி மன்னரின் 'மேரி ரோஸ்' கப்பல் 1545-ல் மூழ்கியது. அதைத் தேடத் தொடங்கியவர்கள் 1965-ல் இந்தக் கிளப்பின் சவுத்சீ கிளையைச் சேர்ந்த பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்கள்; 1982 அக்டோபர் 11 அன்று அது வெளியே வந்தபோது ராணுவப் பொறியாளர் படையின் முக்குளிப்பாளர்களும் கைகொடுத்தார்கள். கிளப்பின் தலைவராக அப்போதிருந்த இளவரசர் சார்லஸ் முன்பே அந்தச் சிதைவைப் பார்க்கக் கடலுக்குள் இறங்கியிருந்தார்.

பிளைமவுத்தைச் சுற்றி முக்குளிக்கிற இடங்களிலும் போர்க்கப்பலும் போர்க்காலக் கப்பலும் உண்டு. பக்கத்திலுள்ள விட்சண்ட் விரிகுடாவில் 1945 மார்ச்சில் டார்பிடோவால் அடிபட்ட 'ஜேம்ஸ் ஈகன் லேன்' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஹெச்.எம்.எஸ். சில்லா. பிளைமவுத்தின் டெவன்போர்ட் தளத்தில் 1968-ல் மிதக்கவிடப்பட்ட போர்க்கப்பல். ஓய்வுபெற்ற பின் 2004 மார்ச் 27 அன்று வேண்டுமென்றே வெடிவைத்து மூழ்கடித்துச் செயற்கைக் கடலடித் திட்டாக ஆக்கினார்கள். பிறந்த ஊருக்குச் சில மைல் தொலைவில் சமாதி. கடற்படைக்காரர்களுக்கு அது தனி அனுபவமாக இருக்கும். தன் சீனியர்கள் நடந்த மேல்தளத்தின்மீது மீன்கூட்டத்தோடு மிதப்பது எல்லோருக்கும் வாய்க்காது. இப்போது உள்ளே வண்டல் படிந்து தகடுகள் அரித்துவிட்டன. ஆர்வக்கோளாறில் உள்ளே புகுந்தவர்களில் உயிரோடு வராதவர்கள் உண்டு. புதிதாகக் கற்றவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

வெப்பக் கடல் வேண்டும் என்கிறவர்களுக்கு சைப்ரஸ் இருக்கிறது. அங்கே டெக்கேலியாவில் பிரிட்டிஷ் ராணுவத் தளம். பக்கத்தில் லார்னகா கடலில் 'சினோபியா' என்ற ஸ்வீடன் நாட்டு வாகனக் கப்பல். 1980 ஜூனில் முதல் பயணத்திலேயே நூற்றுச் சொச்சம் லாரிகளோடு கவிழ்ந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதன் மேற்பக்கம் 17 மீட்டர் ஆழத்திலேயே தொடங்குவதால் புதியவரும் எட்டிப் பார்த்துவிடலாம். ஜாலி டிரிப் என்று திட்டுகிறவர்கள் மனதில் இருப்பது இந்த மாதிரி இடம்தான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டு நழுவினால்

கட்டுக்குள் வைத்த ஆபத்து என்கிறார்களே, கட்டு நழுவியதே இல்லையா? நழுவியிருக்கிறது. 1994-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாகசப் பயிற்சிக் குழு ஒன்று போர்னியோவில் கினபாலு மலையின் 'லோஸ் கல்லி' என்ற பள்ளத்தாக்கில் இறங்கியது. பத்துப் பேர். அனுபவம் குறைந்தவர்களும் அதில் இருந்தார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. ஐந்து பேர் காட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள், மற்ற ஐந்து பேர் மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டு, சோறில்லாமல் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஹெலிகாப்டர் வந்தது. பத்துப் பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். தலைமை தாங்கிய மூத்த அதிகாரிகளை ராணுவ விசாரணை கண்டித்தது. அங்கே கீழ்நிலை வீரர் ஒருவருக்கு "போதும், திரும்புவோம்" என்று சொல்ல உரிமை இருந்திருந்தால் கதை அவ்வளவு தூரம் போயிருக்குமா?

இன்னொன்று தண்ணீரிலேயே நடந்தது. 2018 மார்ச்சில் செப்ஸ்டோ அருகே ஒரு நீர் நிறைந்த பழைய கல்குவாரியில் ராணுவ முக்குளிப்பாளர் பயிற்சியில் இருந்த 27 வயது வீரர் இறந்தார். இது சாகசப் பயிற்சி அல்ல, தொழில்முறைப் பயிற்சி என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆனாலும் கற்க வேண்டியது ஒன்றுதான். ஒரு முக்குளிப்பாளருக்குக் காற்று தீர்ந்துபோகும் அபாயத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் முறையாக எடைபோடவில்லை என்று பணியிடப் பாதுகாப்பு ஆணையம் கண்டது. மேலே போட்டோமே அந்த 29 நிமிடக் கணக்கு, அதே வகைக் கணக்கு. அந்த நாட்டில் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசுத் துறையைக் குற்றவழக்கில் நிறுத்த முடியாது. 'கிரவுன் சென்ஷர்' என்ற கண்டனம் மட்டுமே பதியலாம். அதே கல்குவாரியை ஒரு தனியார் நிறுவனத்தின் ஆட்கள் பயன்படுத்தி ஒருவர் இறந்திருந்தால் வழக்கும் அபராதமும் வந்திருக்கும். ஆட்களை ஆபத்தில் நிறுத்தும் உரிமையை எடுத்துக்கொள்கிற துறை, தவறினால் குற்றவாளிக் கூண்டில் நிற்கத் தேவையில்லை என்பது என் பார்வையில் சரியில்லை.

இதைச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் காலிழந்தும் கையிழந்தும் வந்தவர்களுக்காக 2008-ல் பிரிட்டிஷ் படைகள் 'பேட்டில் பேக்' என்ற திட்டத்தைத் தொடங்கின. விளையாட்டும் சாகசப் பயிற்சியுமே அங்கே மருந்து. 'டெப்தெரபி' என்ற தொண்டு நிறுவனம் காயமுற்ற வீரர்களைச் செங்கடலுக்கு அழைத்துப்போய் ஸ்கூபா கற்பித்திருக்கிறது. செயற்கைக்காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறவருக்குத் தண்ணீரில் எடை இல்லை, ஊன்றுகோல் தேவையில்லை, படி ஏற யாரும் கைகொடுக்க வேண்டியதில்லை. மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் உயரும், விட்டால் கொஞ்சம் தாழும். நடக்கத் தெரிந்தவருக்கும் நடக்க முடியாதவருக்கும் அங்கே வித்தியாசம் அதிகமில்லை. மனக்காயம் உள்ளவர்களுக்கு, வெடிச்சத்தம் கனவில் வருகிறவர்களுக்கு, தன் மூச்சுச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காத அரைமணி நேரம் என்பது மாத்திரை தராத ஓய்வு.

இந்தியாவிலும் இந்த எண்ணம் வேர்பிடித்திருக்கிறது. கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்ததுதான், அது தொழில்முறை. ஆனால் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் சேர்ந்து நடத்தும் 'க்ளா' என்ற குழு மாற்றுத்திறனாளிகளுக்கு ஸ்கூபாவும் மலையேற்றமும் கற்பிக்கிறது. 2021 செப்டம்பரில் அந்த மாற்றுத்திறனாளிகளில் எட்டுப் பேர் சியாச்சினில் 15,000 அடிக்கு மேலுள்ள குமார் போஸ்ட் வரை ஏறினார்கள்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ முர்டேஸ்வரம் பக்கத்து நேத்ராணித் தீவிலோ விடுமுறைக்குப் போய், அரைமணி நேர ஸ்கூபா பேக்கேஜுக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிற வாசகர்களுக்கு மூன்று வார்த்தை. சளி, ஆஸ்துமா, காது அறுவை, இதயக் கோளாறு எதுவானாலும் படிவத்தில் மறைக்காதீர்கள். இறங்கிய பிறகு குறைந்தது 12 மணி நேரத்துக்கு விமானம் ஏறாதீர்கள். பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுங்கள். படகில் ஏறும் முன் அந்தப் பயிற்றுநரிடம், "பாதியில் எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "உடனே மேலே கூட்டிவருவேன்" என்று அவர் சொன்னால் போங்கள். "பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது, காசு வேஸ்ட் ஆகிடும்" என்று சொன்னால் கரையிலேயே நில்லுங்கள்.